மலாயாத் தமிழர் ஊர்கள் – 14: குளுவாங், தண்டவாளம் பெற்ற மாவட்டம்

சென்ற பகுதியில் ஜொகூரின் ஆற்றங்கரைகளில் சீனர்கள் கெம்பிரும் மிளகும் பயிரிட்ட கங்சு ஏற்பாட்டைப் பார்த்தோம். 19-ஆம் நூற்றாண்டு ஜொகூரின் வாழ்க்கை முழுக்க ஆற்றோரத்தில்தான். படகு போகும் தூரம்வரை ஊர், அதற்கப்பால் காடு. சுல்தான் அபு பக்கார் 1895-இல் மறைந்தபோதும் மாநிலத்தின் நட்டநடுப் பகுதி பெரும்பாலும் காடாகவே கிடந்தது. ஓராங் அஸ்லி மக்கள் மட்டுமே அதை அறிந்திருந்தார்கள். இன்று குளுவாங் மாவட்டம் என்று நாம் சொல்லும் சுமார் 2,850 சதுர கிலோமீட்டர் நிலம் அந்தக் காட்டுக்குள்தான் இருந்தது. கடற்கரையே இல்லாத மாவட்டம் இது.

அந்தக் காட்டைத் திறந்தது ரயில். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் பாதை 1909-இல் முடிந்தது. பாலோ, சாமெக், நியோர், குளுவாங், மெங்கிபோல், ரெங்கம், லாயாங்-லாயாங் என்று வடக்கிலிருந்து தெற்காக நிலையங்கள் வரிசையாக வந்தன. ஊர் இருந்த இடத்தில் நிலையம் போடவில்லை, நிலையம் போட்ட இடத்தில் ஊர் முளைத்தது. அடுத்த ஆண்டே உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியது. அதே 1910-இல் ஜொகூர் பிரிட்டிஷ் ஆலோசகரை ஏற்றது. 1914-இல் தலைமை ஆலோசகரின் சொல்லுக்குக் கட்டுப்படவும் ஒப்புக்கொண்டது. ரயில், ரப்பர், ஆலோசகர் மூன்றும் ஐந்தே ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்தன. தண்டவாளத்தின் இருபுறமும் நிலம் கம்பெனிகளுக்குப் போனது. 1915 வாக்கில் குளுவாங் மத்திய ஜொகூரின் நிர்வாக மையமாக உருவெடுத்தது.

காட்டை வெட்டிச் சாய்த்ததில் ஜாவானியர், சீனர் ஒப்பந்தக் குழுக்களின் பங்கு பெரிது. அதை மறைத்து எல்லாவற்றையும் நம்மவர்தான் செய்தார்கள் என்று எழுதுவது நியாயமல்ல. வெட்டிய காட்டைத் தோட்டமாக்கி, களை பிடுங்கி, கன்று காத்து, முதல் பால் இறங்கிய நாளிலிருந்து மரத்தோடு மரமாக நின்றவர்கள் தமிழர்கள். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணி கூட்டி வந்தவர்கள் அவர்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் துறைகளில் இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்து, பிறகு ரயிலேறி இந்தச் சிறு நிலையங்களில் இறங்கினார்கள். 1926-லிருந்து ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் சொந்தக்காரர் பெயர்போலப் புழங்குகிறது. அரசு உதவியோடு ஆள் கூட்டுவதை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்தியது. கங்காணிக் காலம் அதோடு முடிந்தது.

ஒரு மாவட்டத்தின் வரலாறு என்றால் பொதுவாக அதன் பட்டணத்தின் கதையாக எழுதிவிடுவார்கள். குளுவாங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரயில் நிலையத்தில் 1938 முதல் நடக்கும் காப்பிக் கடையும் அதன் ரொட்டியும்தான் முதலில் வாயில் வரும். நல்ல காப்பிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு காலத்தில் இந்த மாவட்டத்துத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டணத்தில் வாழவே இல்லை. அவர்கள் எலேயிஸ், லம்பாக், மெங்கிபோல், நியோர், உலு ரெமிஸ் என்ற தோட்டங்களில் வாழ்ந்தார்கள். சம்பள வாரத்திலும் தீபாவளிக்கும் மட்டும் பட்டணம் பார்த்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஆகவே இந்தப் பகுதியைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுப்பார்கள். மேற்பார்வை பார்க்கும் தண்டல் பேர் சொல்ல, எழுத்தரான கிராணி குறித்துக்கொள்வார். குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, தலையில் விளக்கோடு பெண்கள் நிரைக்குள் நுழைவார்கள். ஒரு நிரையில் முந்நூறு, நானூறு மரம் இருக்கும். முதலில் முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை இழுத்துப் பைக்குள் போட வேண்டும். பிறகு உளியால் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகப் பட்டையைச் சீவ வேண்டும். சீவல் மெல்லியதாக இருக்க வேண்டும். ஆழம் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வராமல் முண்டு முண்டாக வளரும், தண்டலும் வையாமல் விடமாட்டார். மேலோட்டமாகச் சீவினால் பால் இறங்காது. அந்த நூலளவு கணக்கு கைக்குப் பழக மாதக்கணக்காகும். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறைந்துவிடும் என்பதால்தான் இந்த இருட்டு வேலை. பத்து, பதினொரு மணிக்கு மறுபடி முதல் மரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு மங்கிலும் (மரத்தில் கட்டிய கோப்பை) தேங்கியிருக்கும் பாலை வழித்து வாளியில் ஊற்றி, காண்டா வாளியைத் தோளில் சுமந்து பால் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அளந்து, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கருவி விட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கருவியைப் படிக்கத் தெரிந்தவர் கிராணி. படிக்கத் தெரியாதவர் பால் கொண்டுவந்தவர். தோட்டத்துச் சண்டைகளில் பாதி அந்தத் தராசடியில் பிறந்தவை.

மழை பெய்தால் வெட்டு இல்லை. பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து மரமெங்கும் ஓடிவிடும். வெட்டு இல்லாத நாளில் நாள்கூலியும் இல்லை. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி ஜனவரிவரை ஜொகூரில் கொட்டும். அது ஓய்ந்ததும் பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து பால் குறையும். ஆக ஆண்டுக்குச் சில மாதங்கள் மளிகைக் கடை நோட்டுதான் குடும்பத்தைக் காப்பாற்றியது. அந்தக் கடனை அடைக்க அடுத்த மாதச் சம்பளம், மிச்சத்தில் ஒரு பங்கு கள்ளுக்கடைக்கு. கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே அனுமதித்து நடத்தவிட்டது அன்றைய நிர்வாகம் செய்த பெருங்கேடு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. கொடுத்த கூலியில் ஒரு பகுதி அந்த வழியாகக் கரைந்தே போனது.

தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான லயம் கம்பெனியுடையது. தண்ணீர்க் குழாய் கம்பெனியுடையது. மருந்துக் கொட்டகையும், கோயில் நிற்கும் மேடும், பள்ளிக்கூடம் நிற்கும் இடமும் கம்பெனியுடையவைதான். பத்துப் பிள்ளைகள் பள்ளி வயதில் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதை ஒட்டித்தான் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. கிராணி ஒருவரோ கொஞ்சம் எழுத்தறிந்த கங்காணியோ வாத்தியாராக உட்கார்ந்த ஒற்றை அறைகள் அவற்றில் பல. ஆனாலும் அந்த ஒற்றை அறைகளில் எழுதக் கற்றவர்களின் பிள்ளைகள்தான் பின்னாளில் ஆசிரியர்களாகவும் தொழிற்சங்கக்காரர்களாகவும் எழுத்தாளர்களாகவும் வந்தார்கள். பிறப்பு, படிப்பு, கல்யாணம், காவடி, சாவு அத்தனையும் ஒரே முதலாளியின் வேலிக்குள் நடந்தன. வேலை போனால் வீடு போகும், வீடு போனால் பிள்ளையின் பள்ளியும் போகும். குளுவாங் மாவட்டத் தமிழர் வரலாற்றை எந்த இடத்தில் தொட்டாலும் இந்த முடிச்சுதான் கையில் தட்டும்.

1930-களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்ததும் அது நடந்தது. கூலி வெட்டப்பட்டது, பல்லாயிரம் பேர் ஊருக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அதற்குச் சற்று முன்பே சில கம்பெனிகள் ரப்பரை மட்டும் நம்பினால் ஆபத்து என்று இன்னொரு மரத்தின் பக்கம் திரும்பியிருந்தன. கத்ரி நிறுவனம் 1924-இல் குளுவாங் அருகே எலேயிஸ் தோட்டத்தைத் திறந்தது. செம்பனையின் அறிவியல் பெயரையே தோட்டத்துக்கு வைத்தார்கள். சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் 1917-இல் தொடங்கிய செம்பனைப் பயிர் ஜொகூரின் நடுப்பகுதியில் வேர்விட்டது இப்படித்தான். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலையில் வேக வைக்காவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அதனால் செம்பனைத் தோட்டம் ஆலையையும் கூடவே வைத்துக்கொண்டது. காட்டுக்குள் இரவும் பகலும் சங்கு ஊதும் ஆலை வந்தது.

1942 ஜனவரியில் யுத்தம் இந்த ரயில் பாதை வழியாகவே இறங்கி வந்தது. ஜனவரி கடைசி வாரத்தில் குளுவாங் ஜப்பானியர் கையில் விழுந்தது. லாயாங்-லாயாங் பக்கத்தில் ஒரு ரயில் பாலத்தை உரிய நேரத்துக்கு முன்பே தகர்த்துவிட்டதால் 22-ஆவது இந்தியப் படைப்பிரிவு மற்றவர்களிடமிருந்து துண்டிக்கப்பட்டு ரப்பர் காட்டுக்குள் சிக்கியது. 9-ஆவது இந்திய டிவிஷனின் தளபதி பார்ஸ்டோ ஜனவரி 28 அன்று அங்கேதான் கொல்லப்பட்டார். ஜனவரி 31-இல் ஜொகூர் பாலத்தைப் பிரிட்டிஷார் தகர்த்துக்கொண்டு சிங்கப்பூருக்குள் போனார்கள். துரைமார்கள் போய்விட்டார்கள், தோட்டத்து மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். போக அவர்களுக்கு இடம் ஏது? ரப்பர் வாங்க ஆள் இல்லாததால் வேலையும் இல்லை. மரவள்ளிக் கிழங்கு நட்டுப் பிழைத்தார்கள். ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆண்களைப் பிடித்து சயாம்-பர்மா ரயில் பாதை போடும் வேலைக்கு அனுப்பினார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்காகப் போன பல்லாயிரம் தமிழர்களில் திரும்பாதவர்களுக்குச் சரியான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்முடைய ஆட்களுக்கு அப்படி இல்லை என்பது இன்றும் ஆறாத வேதனை.

போர் முடிந்து மூன்று ஆண்டுகூட நிம்மதி இல்லை. 1948 ஜூனில், காட்டுக்குள்ளிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் பிறந்தது. அவர்களுக்கு உணவும் உதவியும் போகாமல் தடுக்கப் பிரிட்டிஷார் வகுத்த பிரிக்ஸ் திட்டத்தின் குடியேற்ற வேலை 1950 ஜூன் 1 அன்று முதன்முதலில் தொடங்கியது ஜொகூரில்தான். காட்டோரச் சீனக் குடியானவர்களைப் புதுக்கிராமங்களுக்குள் அடைத்த கதை பரவலாகத் தெரியும். தோட்டத்து லயங்களையும் ஓரிடத்தில் கூட்டி முள்வேலி போட்டதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதிகாலையில் வேலி வாசலில் வரிசை. பால் வெட்டப் போகும் பெண்களின் வாளியையும் முந்தானையையும் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். ஒரு பிடி சோறுகூடக் காட்டுப்பக்கம் போகக்கூடாது என்று கட்டளை. விடியலில் ஒன்றும் சாப்பிடாமல் போய் மதியம்வரை வெட்டி, சுமந்து, திரும்பி வேலிக்குள் வந்த பிறகுதான் சாப்பாடு. காட்டுக்குள் இருந்தவர்களுக்கும் வேலியில் நின்றவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. அதற்கிடையில் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பி.பி. நாராயணன் தலைமையில் உருவாகிக் கூலிப் பேச்சுவார்த்தைக்கு ஒரு மேசையாவது கிடைத்தது.

இனி நிலத்துக்கு வருகிறேன். சுல்தான் அபு பக்கார் ஜொகூரின் ஆட்சிக்கு வந்தது 1862-இல். அதே ஆண்டில் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. புதிதாகக் குடியேறுபவர் ஐந்து ஆண்டு ஒரு நிலத்தில் வாழ்ந்து பயிரிட்டால் 160 ஏக்கர் அவர் பெயருக்கே எழுதித் தரப்படும். பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலத்தை வைத்துத்தான் அதைச் செய்தார்கள், அந்தப் பாவம் வேறு. ஆனால் அந்த நாட்டின் கிராமப்புற மாவட்டங்கள் பல, சொந்த நிலம் உள்ள குடும்பங்களால் ஆனவை. மழை பொய்த்தாலும் சந்தை கவிழ்ந்தாலும் காலூன்ற ஒரு துண்டு மண் இருந்தது. குளுவாங்கில் மூன்று தலைமுறை பால் வெட்டிய குடும்பத்துக்கு லயத்து வாசலில் வெண்டைக்காய் போட்ட பாத்தியும் சொந்தமில்லை.

1956 ஜூலையில் மலாயாவிலும் நிலம் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று பிறந்தது. அதுதான் பெல்டா. நிலமற்றவர்களைக் குடியேற்றி, ஆளுக்கு ஏறத்தாழ 10 ஏக்கரும் ஒரு வீடும் கொடுத்து, கடனை விளைச்சலில் கழித்துக்கொள்ளும் திட்டம் அது. பெல்டாவின் முதல் செம்பனைத் திட்டம் 1961-இல் ஜொகூரில்தான், கூலாய் பக்கம் தாயிப் அண்டாக்கில் தொடங்கியது. பிறகு குளுவாங் மாவட்டத்திலும் உலு பெலித்தோங், காஹாங் என்று திட்டங்கள் வந்தன. நாட்டின் வறுமை ஒழிப்பில் பெல்டா செய்தது சிறிய காரியமல்ல, அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் குடியேற்றவாசிகளில் இந்தியர்கள் விரல் விட்டு எண்ணும் அளவே. செம்பனையை வெட்டவும் சுமக்கவும் தலைமுறையாகத் தெரிந்தவர்கள் வேலியின் இந்தப் பக்கம் நாள்கூலிக்கு நின்றார்கள். அதே மரத்தை நட்டு நிலத்துக்குச் சொந்தக்காரரானவர்கள் அந்தப் பக்கம் இருந்தார்கள்.

தமிழர்கள் தாமாகவும் முயன்றார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பல தோட்டங்களை அந்தச் சங்கம் காப்பாற்றியது உண்மை. ஆனால் வெட்டுப்பட்ட தோட்டங்களின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. அடுத்து வந்தது 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றது. விண்ணப்பம் எழுதத் தெரியாமல், குடியுரிமைக்கு அலையத் தெரியாமல் இருந்தவர்கள் பல்லாயிரம் பேர் 1969-க்குப் பிறகு கப்பலேறினார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன தாய் தகப்பன்களும் உண்டு.

இந்த மாவட்டம் உலகத்துக்கே ஒரு மாற்றத்தைக் கொடுத்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும். செம்பனையின் பெண்பூவில் மகரந்தம் சேர்ந்தால்தான் பழம் பிடிக்கும். ஆப்பிரிக்காவில் தானாக நடந்த இந்தக் காரியம் மலேசியாவில் சரியாக நடக்கவில்லை. காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அது போதாததால் தோட்டங்கள் பெண்களை இந்த வேலையில் இறக்கின. ஆண்பூவிலிருந்து மகரந்தத்தை உதிர்த்து, காயவைத்து, முகத்துக்குப் போடும் மாவுபோன்ற பொடியோடு கலந்து, மட்டையின் முள்ளுக்கு நடுவே குனிந்து ஒவ்வொரு பெண்பூவின்மேலும் பீய்ச்ச வேண்டும். கையெல்லாம் முள் கீறலாக, இதையே மாதக்கணக்கில் செய்தார்கள். யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சன், கேமரூனில் பூக்களை மொய்த்த வண்டுகளைக் கண்டவர். காற்றல்ல, பூச்சிதான் காரணம் என்று அவர் விடாமல் சொன்னார். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ஆர்.ஏ. சையத் கேமரூனில் ஆராய்ந்து அதை நிரூபித்தார். தனிக்காப்பில் வைத்துப் பரிசோதித்த பிறகு, 1981 பிப்ரவரியில் அந்தச் சின்னஞ்சிறு வண்டுகளை மலேசியத் தீபகற்பத்தில் முதன்முதலாகப் பறக்கவிட்டது குளுவாங்கின் பாமோல் தோட்டப் பகுதியில். கொஞ்ச காலத்திலேயே அவை நாடு முழுவதும் பரவி, பழம் கனமாகப் பிடித்தது. எண்ணெய் உற்பத்தி உயர்ந்தது. மகரந்தம் தூவும் வேலையும் ஒரேயடியாக நின்றது. பெண்களின் கைக்கு நிம்மதி, ஆனால் அவர்களுடைய ஒரு வேலையும் போயிற்று. அந்த வண்டால் வந்த லாபத்தில் அந்தப் பெண்களுக்கு ஏதாவது போயிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

அதே 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப் பொழுதில் கத்ரி நிறுவனத்தை மலேசியா வாங்கியது. வெள்ளைக்காரத் துரைகளின் காலம் போனது நல்லதுதான். லயத்தில் இருந்தவர்களுக்கோ முதலாளி மாறினார், முறை மாறவில்லை. ரப்பர் மரங்களைப் பிடுங்கிச் செம்பனை நட்டபோது ஏக்கருக்கு வேண்டிய ஆட்கள் குறைந்தார்கள். குறைந்த இடத்திலும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் வந்தார்கள். தீபகற்ப மலேசியாவில் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம், மாதம் 900 ரிங்கிட், 2013 ஜனவரியில்தான் வந்தது. அதற்குள் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஜொகூர் பாருவின் தொழிற்சாலைகளுக்கும், பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். விடியற்காலை ஐந்து மணி அவர்களை விடவில்லை. பெரட்டுக்களத்துக்குப் பதிலாக மோட்டார் சைக்கிளில் குடிநுழைவு வரிசையில் நிற்கிறார்கள்.

கம்பெனிகள் ஒன்றாகி, பிரிந்து, பெயர் மாறின. 2007-இல் சைம் டார்பியோடு கலந்த கத்ரியின் பெயர் 2024-இல் எஸ்.டி. கத்ரி என்று மறுபடி பலகைக்கு வந்தது. கோயில்களுக்கு அந்த வசதி இல்லை. தோட்டம் கைமாறி வீட்டுமனையானால், நூறு ஆண்டு நின்ற மாரியம்மன் கோயிலும் அடுத்தவர் நிலத்தில் அனுமதியின்றி எழுப்பிய கட்டடம் என்றாகிவிடுகிறது. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர்த் தெருக்களில் உரிமை கேட்டுத் திரண்ட இந்தியர் கூட்டத்தின் கோபத்தில் இந்த வலிக்குப் பெரிய பங்கு உண்டு.

பள்ளிகளின் நிலைமையும் இதே நிலத்தில்தான் சிக்கியிருக்கிறது. ஜொகூரில் இன்று சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. குளுவாங் மாவட்டத்தில் மட்டும் எலேயிஸ், லம்பாக், மெங்கிபோல், பாமோல், உலு ரெமிஸ் என்று தோட்டத்துப் பெயர் தாங்கிய பள்ளிகள் உண்டு. நிலம் அரசாங்கத்துடையதாக இல்லாமல் தோட்டத்துடையதாக இருந்த பள்ளிகளுக்கு முழு அரசுப் பள்ளி என்ற தகுதி கிடைக்கவில்லை. உதவி பெறும் பள்ளி என்ற அளவிலேயே அவை நின்றன. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தரும், கட்டடம் எழுப்ப நிலப் பத்திரம் கேட்கும், பத்திரமோ கம்பெனியிடம். பிள்ளைகள் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குப் போய்விட்ட பிறகு, பள்ளியின் உரிமத்தை அங்கே மாற்றுவதுதான் வழி. நாட்டின் பல இடங்களில் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்து அப்படி மாற்றியிருக்கின்றன. பத்துப் பிள்ளைகளோடு தோட்டத்துக்குள் கிடக்கும் பள்ளியை மூடிவிடாமல், பிள்ளைகள் குடியிருக்கும் இடத்துக்கு அதை நகர்த்த நிலம் ஒதுக்குவதே அரசாங்கம் இந்த மாவட்டத்துக்குப் பட்ட கடனில் மிகச் சிறிய தவணை.

அடுத்த பகுதியில் இதே ரயில் பாதையில் வடக்கே ஏறி சிகாமட், லாபிஸ், பெக்கோக் பக்கம் போவோம். அங்கே ஆறும் வெள்ளமும் தோட்டங்களை என்ன செய்தன என்று பார்க்க வேண்டும்.

(தொடரும்)